நீ வெட்டி எடுத்த வரி

நிரோஷன், இது நாற்பது வருடமாக மனு எழுதிப் பழகிய கை. பீலிக் குழாயில் தண்ணீர் வரவில்லை, லயத்து வரிசை வீடுகளின் கூரை ஒழுகுகிறது, பிள்ளை பெற்றவளுக்கு லீவு தரவில்லை என்று தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்காக எத்தனையோ எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றில்கூடத் தவறு என்னுடையது என்று எழுதியதில்லை. தோட்டத்துத் தலைவர் எழுதும் மனுவில் தவறு எப்போதும் எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கும். இந்தக் கடிதத்தை நான் ஒட்டி மூடப் போவதில்லை. உன் அம்மா வாசிப்பாள், உன் சித்தப்பா ராஜு வாசிப்பான், கேட்கிற எவருக்கும் கொடுப்பேன். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் ஒன்றும் தெரியாத ஆளுக்குச் சொல்வது போலவே சொல்லிக்கொண்டு போகிறேன். பொறுமையாக வாசி.

கொழும்பில் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய லெப்டொப்பையும் ஹெட்போனையும் தூக்கிக்கொண்டு ரத்தோட்டைக்கு மேலே இருக்கும் நம் தோட்டத்துக்கு நீ திரும்பி வந்தபோது, எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. கல்யாண வீடுகளுக்குப் பழைய பாட்டுகளைப் புது அடி வைத்து மாற்றிக் கொடுத்தாய், அது விளங்கியது. குறும்படங்களுக்குப் பின்னணி இசை போட்டாய். அதுவும் ஓரளவு விளங்கியது. ஆனால் உன் மனது இருந்தது வேறொன்றில். பாட்டும் இல்லாமல், தாளமும் இல்லாமல், ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் மூட்டம் இறங்குவது போல மெதுவாக நகர்கிற அந்த இசை. அதில் பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "ஆரம்பிக்காதுப்பா, அது பாட்டுக்கு இருந்துக்கிட்டே இருக்கும்" என்றாய். மாத்தளையில் ஒரு கல்யாணத்தில் மகன் என்ன செய்கிறார் என்று கேட்டவரிடம் கம்பியூட்டர் வேலை என்று சொன்னேன். நீ எனக்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டோடு நின்றிருந்தாய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காட்டு ஓரத்தில் கூவும் ஏதோ ஒரு பறவைக்காகப் பதினொரு நாள் காலையில் மைக்கை வைத்துக்கொண்டு காத்திருந்தாய். பன்னிரண்டாவது நாள் அது கூவியது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் ரேடியோவைச் சத்தமாகப் போட்டது நான்தான். தெரியாமல் போட்டேன் என்று அன்று சொன்னேன். தெரிந்துதான் போட்டேன். வீடே உனக்காக மூச்சடக்கி இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. என் பேச்சைக் கேட்டு முந்நூறு பேர் வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். என் வீட்டில் நான் இருமக்கூடாதா என்ற எண்ணம். மரியாதை கேட்டுப் பழகியவனுக்கு வருகிற வியாதி அது. உனக்கும் நாளைக்குப் பேர் வரும், நாலு பேர் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது இதை நினைத்துக்கொள்.

அந்த மழைக்காலம் முழுவதையும் ஒரே இசையாகச் செய்யப் போவதாகச் சொன்னாய். மேல் லயத்துக்குப் பின்னால், மாட்டுப்பட்டியை ஒட்டி ஓடும் ஓடைக்கரையில் மைக்கைக் கட்டி, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து, அங்கிருந்து கீழ் லயத்தில் நம் வீட்டுக் காம்பரா ஜன்னல் வரை நீளமாக ஒரு கேபிளை இழுத்தாய். தினமும் ஓடைச் சத்தத்தை வீட்டிலிருந்தே கேட்டாய், பதிந்தாய். கேபிள் கொடிக்கம்பியில் சிக்குகிறது என்று மேல் லயத்துப் பெண்கள் என்னிடம் முறையிட்டார்கள். முறையிடாத ஒரே ஆள் ராஜுவின் மனைவி புவனேஸ்வரி. ராஜு எனக்குச் சித்தப்பா மகன், கூடவே வளர்ந்தவன். அவள் தன் மாடு ராணிக்குப் புல் போட வரும்போது உன் மைக்குக்குப் பக்கத்தில் நின்று, "தம்பி, சித்தி பேசுறது கேக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். நீ வீட்டுக்குள் தனியாகச் சிரிப்பாய்.

அந்த நாளுக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் செய்தது யாருக்கும் விளங்காது. இரண்டு வருடம் முன்பு இதே போல மழை கொட்டியபோது மண் சரியும் என்று பயந்து, மேல் லயத்து ஆட்களை நான்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். நாலு நாள் தரையில் படுத்தோம். ஒரு பிடி மண்ணும் சரியவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கோழிகளைக் காணோம், கேஸ் சிலிண்டர்களைக் காணோம். தலைவர் பேச்சைக் கேட்டு மோசம் போனோம் என்று பீலியடியில் பேசினார்கள். என் காது படவே பேசினார்கள். இனி என் கண்ணால் பார்க்காமல் ஒருவரையும் கிளப்புவதில்லை என்று அன்று முடிவெடுத்தேன். அதை நிதானம் என்று நினைத்துக்கொண்டேன். அது ரோசம்.

அன்று காலையிலிருந்தே மழை. மண்சரிவு வரலாம், விழிப்பாக இருக்கும்படி போனுக்குச் செய்தி வந்திருந்தது. அதை நான் எனக்கு வேண்டியபடி வாசித்துக்கொண்டேன். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் நீ ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தாய். மழை கூடிக்கொண்டே போகிறது, ஓடைச் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது, மேலே எங்கேயோ தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது, மலை சரியும் என்றாய். ஹெட்போனை நீட்டி, "நீங்களே கேளுங்கப்பா, ஒரு நிமிசம்" என்றாய். நான் கை நீட்டவில்லை. மைக்கில் தண்ணீர் போயிருக்கும் என்றேன். நீ என்னோடு வாதாடாமல் குடையும் எடுக்காமல் மேல் லயத்துக்கு ஓடினாய். கதவு கதவாகத் தட்டினாய். புவனேஸ்வரி முதல் ஆளாகத் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று பட்டிப் பக்கம் திரும்பியும்விட்டாள்.

நான் குடையோடு ஏறி வந்தது அப்போதுதான். என் மகன் ஈரத்தில் நடுங்கிக்கொண்டு சனங்களைக் கிளப்புவதையும், அவர்கள் உன்னைத் தாண்டி என் முகத்தைப் பார்ப்பதையும் கண்டேன். எனக்கு அந்தப் பார்வை போதுமாக இருந்தது. "ஒன்னும் இல்ல, எல்லாம் உள்ள போங்க. போகவேண்டிய நேரத்துல நானே சொல்றேன்" என்றேன். புவனேஸ்வரி தயங்கி நின்றாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உலையை வை, ராஜு பசியோடு வருவான் என்றேன். அவன் ரத்தோட்டை டவுனுக்கு மருந்து வாங்கப் போயிருந்தான். அவள் மூட்டையோடு உள்ளே போனாள். மற்றவர்களும் போனார்கள். எல்லோர் முன்னாலும் உன்னைப் பார்த்து நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. உனக்கு அது மறந்திருக்காது.

அதற்குப் பிறகு அரை மணி நேரம், கூடினால் நாற்பது நிமிடம். நீ மறுபடி ஓடி வந்து ஓடை நின்றுவிட்டது என்றாய். இந்த முறை போய்ப் பார்த்தேன். அவ்வளவு மழையிலும் ஓடைத் தண்ணீர் வரும் பீலி சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கையை நீட்டினேன், உள்ளங்கையில் செம்மண் தங்கியது. அதன் பிறகு நான் கத்தின கத்தலில் இரண்டு லயமும் வெளியே வந்துவிட்டது. அம்மா கீழ் லயத்து ஆட்களை ஓட்டிக்கொண்டு போனாள். நீ எழும்ப முடியாத அந்தோணிக் கிழவரை முதுகில் சுமந்துகொண்டு ரோட்டுக்கு ஓடினாய். ரோட்டில் நின்று தலை எண்ணியபோது ஒன்று குறைந்தது. பட்டிப் பக்கமிருந்து மாடு மட்டும் அவிழ்ந்த கயிற்றோடு ஓடி வந்தது. பிறகு மலை இறங்கியது. அந்தச் சத்தத்தை உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மேல் லயத்தில் ஆறு காம்பராக்களும் மாட்டுப்பட்டியும் போயின. புவனேஸ்வரியை மூன்றாம் நாள் எடுத்தார்கள்.

நீ முதலில் சொன்ன நேரத்தில் நான் அவளை விட்டிருந்தால் மாட்டை நிதானமாக அவிழ்த்துக்கொண்டு ஊரிலேயே முதல் ஆளாக ரோட்டுக்கு வந்திருப்பாள். அதன் பிறகு மறுபடி பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தபோது யாரும் இதை என்னிடம் சொல்லவில்லை. தலைவர் கத்தினதால்தான் பிழைத்தோம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. நீ பக்கத்தில் இருந்தாய், நீயும் திருத்தவில்லை. ஒருநாள் பிற்பகல் நீ மண் அள்ளும் ஆட்களோடு மேலே போயிருந்தாய். உன் லெப்டொப் பாயில் திறந்தபடி இருந்தது. அன்று ஓடிய அவசரத்தில் நீ அதை நிறுத்தவே இல்லை, கேபிள் அறும் வரை அது பதிந்திருக்கிறது என்று அம்மா சொல்லியிருந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நீ தட்டும் பெரிய பட்டனைத் தட்டினேன்.

மழை கேட்டது. அதற்குள்ளிருந்து புவனேஸ்வரி பேசினாள், என் காதுக்குள்ளேயே நின்று பேசுவது போல. "இந்தா ராணி, நில்லு, அசையாத. அப்பவே அவுத்து விட்டிருப்பேன். தலைவரு பேச்சக் கேட்டு நின்னது தப்பாப் போச்சு. போ, நீ போ." அவ்வளவுதான். பிறகு ஒரு முறை மாட்டை விரட்டும் சத்தம். பிறகு அது. திரையில் ஓடும் இடத்தைக் காட்டும் கோடு அந்த வரிக்குச் சற்று முன்னால் நின்றிருந்தது. நான் தட்டுவதற்கு முன்பே அது அங்கேதான் நின்றது என்பதை ஹெட்போனைக் கழற்றி வைத்த பிறகுதான் யோசித்தேன். அப்படியானால் நீயும் கேட்டிருக்கிறாய், திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாய். அன்று சாயங்காலம் நீ சேறும் சகதியுமாக வந்து உட்கார்ந்து, எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாய். அதை வாங்கிக் குடித்தேன்.

கீழ் லயமும் இருக்கத் தகாது என்று சொல்லிவிட்டதால் நாம் மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலைக்கு வந்து வாடகை வீட்டில் குடியேறினோம். முழங்கால் வலி என்று காரணம் சொல்லித் தலைவர் பதவியை விட்டேன். அந்தச் சமயத்தில்தான் கொழும்பிலிருந்து சிங்களப் படம் எடுக்கும் அந்த டைரக்டர் உன்னை அழைத்தார். உன் மழை இசையைக் கேட்டுவிட்டு, முழுப் படத்துக்கும் நீதான் இசை என்றார். மலையில் ஒரு பெண்ணைப் பற்றிய கதை, அந்த நாளின் பதிவைப் பயன்படுத்த முடியுமா என்று கேட்டார். நீ உடனே சரி என்று சொல்லவில்லை. அதில் சித்தியின் குரல் இருக்கிறது, ராஜு சித்தப்பாவிடம் கேட்காமல் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்தாய். நான் எழுந்து நின்று கத்தினேன். "செத்தவ சத்தத்த படத்துக்கு விக்கப்போறியா? இப்பவே அழிச்சுப்புடு" என்றேன். இறந்தவளுக்கு மரியாதை, ராஜுவின் மனது என்று ஏதேதோ சொன்னேன். எல்லாம் பொய், மகனே. அந்த வரியை வேறு யாரும் கேட்கக்கூடாது. என் பயம் அவ்வளவுதான். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அந்தப் பார்வையில் நான் பிடிபட்டேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த கிழமை ராஜு தானாகவே வந்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான். "தம்பி, அவ கொரல் இருக்காமே. எனக்குப் போட்டுக் காட்டு" என்றான். நீ அவனை நாற்காலியில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டாமல் ஸ்பீக்கரிலேயே போட்டாய். மழை வந்தது. "இந்தா ராணி, நில்லு, அசையாத" என்றாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். "போ, நீ போ" என்றாள். இடையில் இருந்த வரி இல்லை. ராஜு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் போடச் சொன்னான். பிறகு இன்னொரு தரம். கடைசியாக உன் தலையைத் தொட்டுவிட்டுப் போனான். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாம் நாள் கொழும்புக்குப் பஸ் ஏறினாய். ராஜு எதற்கும் மறுப்புச் சொல்லாதபோதும், அந்தப் பதிவைப் படத்துக்குக் கொடுக்கப்போவதில்லை என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாயாம்.

நீ என்னைக் காப்பாற்றினாய். அதற்காக எனக்கு உன் மேல் நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது பயம்தான். பெற்ற மகன் அப்பனுக்காக ஒரு செத்தவளின் வாயைப் பொத்தியிருக்கிறான். செய்ய வைத்தது நான். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. ராஜு முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் இந்த வீட்டில் சோறு தின்னாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். மறுநாள் காலையில் மாத்தளைக்குப் போய், அங்கிருந்து ரத்தோட்டைக்கு, அங்கிருந்து மேலே தோட்டத்துக்குப் போனேன். தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் போட்டிருக்கும் தகரக் கொட்டில்களில் ஒன்றில் ராஜு இருந்தான். வாசலில் உட்கார்ந்து மாட்டுக்குப் புல்லை நறுக்கிக்கொண்டிருந்தான். புவனேஸ்வரி அவிழ்த்துவிட்ட அதே மாடுதான்.

நான் நின்றபடியே சொன்னேன். அவளைப் பெயர் சொல்லித் திருப்பி அனுப்பியதைச் சொன்னேன். அவள் சொன்ன வரியை அப்படியே, ஒரு சொல் விடாமல் சொன்னேன். நீ அதை வெட்டியது எனக்காக என்று சொன்னேன். ராஜு கத்தியை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நறுக்கினான். பிறகு கத்தியைக் கீழே வைத்தான்.

"அண்ணே, அன்னைக்கு அவ எனக்குப் போன் எடுத்தா" என்றான். "நான் ரத்தோட்ட பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். பயமா இருக்கு, நிரோ தம்பி போகச் சொல்லுது, தலைவரு இருக்கச் சொல்றாரு, என்ன செய்யட்டும்னு கேட்டா. அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும், இருன்னு நாந்தான் சொன்னேன்."

புல்லுக் கட்டின் மேல் உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்க்காமல் பேசினான். பதிவைக் கேட்க வந்தது அவள் குரலுக்காக மட்டும் இல்லை, அவள் தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று தெரிந்துகொள்ளத்தான் என்றான். நீ போட்டுக் காட்டியபோது ஒரு இடத்தில் மழைச் சத்தம் தடுக்கி விழுந்தது அவனுக்குக் கேட்டிருக்கிறது. இரண்டாம் முறையும் அதே இடம். மூன்றாம் முறையும் அதே இடம். "தம்பி எதையோ எடுத்துருச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. என்னயத் திட்டியிருக்கா, சாபம் விட்டிருக்கா, எம் மனசு நோகும்னு புள்ள அத வெட்டிருச்சுன்னு நெனச்சேன். இத்தன நாளா அந்த எடத்துல அவ என்ன சொல்லியிருப்பான்னு நானே ஒவ்வொண்ணாச் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு கெடக்கேன்" என்றான்.

மகனே, உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் இதை நீ என் வாயால் கேட்டுத்தான் ஆக வேண்டும். நீ என் மேல் வைத்த பாசத்தால் வெட்டினாய். அந்த வெட்டு ராஜுவின் மேல் போய் விழுந்தது. நீ என்னிடம் அன்று மத்தியானம் ஹெட்போனை நீட்டினாயே, நான் வாங்கவில்லை என்றதும் திரும்பிப் போனாயே, அதையும் சேர்த்துச் சொல்கிறேன்: என் போன்ற ஆளிடம் இன்னொரு முறை அப்படி மரியாதையாக நீட்டாதே. தலையில் மாட்டிவிடு. எதிர்த்துப் பேசு. என்னை நாலு பேர் முன்னால் தள்ளிவிட்டாவது போயிருக்க வேண்டும். அப்பன் என்று பார்த்து நீ இரண்டு முறை அடங்கிப் போனாய். இரண்டு முறையும் அதன் வலியை வேறு ஆட்கள் தாங்கினார்கள். நாளைக்கு நீ ஒரு பெண்ணைக் கட்டுவாய், உனக்குப் பிள்ளைகள் வரும். உன் வீட்டில் யாரும் யாருக்காகவும் எதையும் வெட்டி ஒட்டாமல் இருக்கட்டும்.

என் தரப்பில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்றே ராஜுவோடு தோட்டக் கமிட்டி ஆட்களைக் கூப்பிட்டு, பதவியை விட்டது முழங்காலுக்காக இல்லை, இதற்காகத்தான் என்று சொன்னேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். புவனேஸ்வரியின் தங்கை எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. படத்துக்கு அந்தப் பதிவைக் கொடுப்பதா என்பதை ராஜுதான் சொல்ல வேண்டும். முதலில் முழுவதையும் கேட்கிறேன், பிறகு சொல்கிறேன் என்கிறான். நான் அந்த வரியை அவனிடம் சொன்னது அவனுக்குப் போதவில்லை. அது நியாயம்தான். என் வாயிலிருந்து வந்ததை அவன் ஏன் நம்ப வேண்டும்? நானும் எதையாவது விட்டுச் சொல்லியிருக்கலாம் அல்லவா?

நீ வெட்டியதை அழித்திருக்க மாட்டாய். ஒரு பறவைக்காகப் பதினொரு நாள் காத்திருந்தவன் அதை அழிக்கமாட்டான் என்று ராஜுவிடம் உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். அதைப் போனில் அனுப்பாதே, நீயே கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை ராஜு மத்தியானமே இங்கே வந்துவிடுவான். அம்மா நாலு பேருக்குச் சமைப்பாள். சாப்பிட்டு முடிந்ததும் ஆரம்பத்திலிருந்து போடு. மழையிலிருந்து கேபிள் அறுகிற இடம் வரை, முழுவதும். நான் ராஜுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நடுவில் யார் எழுந்தாலும், நானே கையைக் காட்டினாலும், நிறுத்தாதே.